படத்தின் ஓரத்தில் இல்லாத பெயர்



நம்ம திண்டுக்கல் பூட்டுக்கடைக்குள் நுழையுங்கள். சுவரில் யார்? பழனியாண்டவர்! ஒரு கடையில் ராஜ அலங்காரம், அடுத்த கடையில் கோவணமும் தண்டமும். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு வந்த அதே பிள்ளைதான். ஒருவன் அவனை அரசனாகப் படித்தான், ஒருவன் ஆண்டியாகப் படித்தான். புராணத்துக்கு உரை எழுதுவது புலவர் மட்டுமா? படம் அச்சடித்தவனும்தான்!

"காலண்டர் படம்தானே" என்று உதட்டைப் பிதுக்கும் மேதாவிகள் சிலர் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்!

அந்தப் படத்தின் கதையைக் கேளுங்கள். 1894இல் பம்பாயில் ஓவியர் ரவிவர்மா அச்சகம் தொடங்கினார். ஜெர்மன் இயந்திரம் வந்தது, லட்சுமியும் சரஸ்வதியும் கோயிலுக்குள் போக முடியாதவன் குடிசைக்கும் வந்தார்கள். ரவிவர்மாவை உலகம் அறியும். ஆனால் அவர் ஓவியத்தை அச்சுக் கல்லில் இறக்கினானே, அவன் யார்? ஒரு நிறத்துக்கு ஒரு கல். இடம் வலமாக, வலம் இடமாக, கொழுப்பு மையால் புள்ளி புள்ளியாக வைத்தான். ஒரு கல் மயிரிழை விலகினாலும் லட்சுமிக்கு உதடு ஓரிடம், சிவப்பு ஓரிடம்! அவன் பெயர் படத்தில் இல்லை.

நம் பக்கம் வாருங்கள். ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு, 1898இல் மயிலாப்பூரில் பிறந்தவர். ரமணாசிரமத்தில் இருந்தார், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை தீட்டினார், 1940களில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். சிவகாசி அச்சகங்கள் அவர் படத்தை வீடு வீடாகக் கொண்டுபோயின. அவருடைய மீனாட்சி கல்யாணம் பார்த்திருப்பீர்கள். பெருமாள் தங்கையைத் தாரை வார்க்கிறார். சித்திரைத் திருவிழாவில் நம் சனம் சொல்லும் கதை என்ன? அண்ணன் அழகர் வருவதற்குள் தாலி கட்டியாச்சு, கோபத்தில் வைகையிலேயே திரும்பிவிட்டார்! படமோ அண்ணனை மணமேடையிலேயே நிறுத்திவிட்டது. மதுரைக் கோயில் சிற்பி சொன்னதும் இதைத்தான். கேட்ட கதை ஒன்று, மாட்டிக் கும்பிடுகிற கதை ஒன்று, இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருக்கிறோம். இது அறிவில்லாத சனமா? மேதாவிகளே, சொல்லுங்கள்!

கொண்டையராஜு கையெழுத்தாவது போட்டார். கல்லில் புள்ளி வைத்தவனுக்கு அதுவும் இல்லையே! என் ஆற்றாமை அதுதான்.

தாய்மார்களே, பழைய சாமி படத்தை ஆற்றில் விடாதீர்கள். பரணிலிருந்து இறக்குங்கள். அடுத்த புத்தகத் திருவிழாவில் வரிசையாக மாட்டுவோம். ரவிவர்மா பெயருக்குப் பக்கத்திலேயே "கல்லில் புள்ளி வைத்த தொழிலாளி" என்று கொட்டை எழுத்தில் எழுதுவோம். அந்த மேதாவிகளையும் கூப்பிடுவோம், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்!