பிழையும் பயிற்சியும்



சங்கரன்கோவில் தெருக்கள் சிலவற்றில் நடந்து சென்றால் கோயில் மணியோசையோடு தறியோசையும் காதில் விழும். அவ்வூரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சிலருக்கு மாலை வேளைகளில் ஆங்கில இலக்கணம் பயிற்றும் வாய்ப்பு எனக்கு ஒருமுறை கிடைத்தது. அவர்களுள் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், கணக்கு வருகிறது, அறிவியல் வருகிறது, இங்கிலீஷ் மட்டும் வரமாட்டேன் என்கிறது. பேசாமல் தறிக்கு வந்துவிடு என்கிறாள் அம்மா" என்றாள்.

அவளுடைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கமெல்லாம் சிவப்புக் கோடுகள். மூன்று வாக்கியங்கள் என் கண்ணில் பட்டன. "மை ஃபாதர் வீவர்" என்பது ஒன்று. "ஹி கோ டு மார்க்கெட்" என்பது மற்றொன்று. "மை அங்கிள் ஹாஸ் கம் எஸ்டர்டே" என்பது மூன்றாவது. மூன்றும் ஆங்கிலத்தில் பிழை. ஆனால் அந்தப் பிழைகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"என் தந்தை நெசவாளர்" என்பது தமிழில் நிறைவான வாக்கியம். பெயரே பயனிலையாக நிற்கும், வினைச்சொல் வேண்டியதில்லை. ஆங்கிலத்திலோ வினையில்லாமல் வாக்கியம் நில்லாது. ஆகவே "இஸ்" என்னும் சொல் வந்தே தீர வேண்டும். நெசவாளர் பலருள் ஒருவர் என்பதைக் காட்ட "எ" என்பதும் உடன் வர வேண்டும்.

இனி இரண்டாவது பிழை. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறது என்று நம் வினைமுற்று ஆளுக்கு ஆள் உருமாறுகிறது. இத்தனை ஈறுகளில் ஒருநாளும் தடுமாறாத குழந்தை, ஆங்கிலத்தின் ஓர் "எஸ்" எழுத்தில் தடுமாறுவானேன்? தமிழில் ஈறே ஆளைக் காட்டுகிறது. "போகிறான்" என்றாலே போதும். ஆங்கிலத்தில் "ஹி" என்ற சொல் முன்னரே ஆளைக் காட்டிவிடுகிறது. பின்னால் வரும் "எஸ்" குழந்தையின் மனத்துக்கு மிகையாகத் தோன்றுகிறது; அதனால் நழுவிவிடுகிறது.

மூன்றாவது, காலத்தைப் பற்றியது. காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்தார். பள்ளி ஆங்கில இலக்கணமோ மூன்றையும் நந்நான்காகப் பிரித்துப் பன்னிரண்டு என்று அச்சுறுத்துகிறது. ஆயினும் வந்தான், வந்திருக்கிறான், வந்துகொண்டிருந்தான், வந்திருந்தான் என்ற நுட்பங்கள் நமக்குப் புதியவை அல்ல. வேறுபாடு ஓரிடத்தில்தான் இருக்கிறது. "மாமா நேற்றே வந்திருக்கிறார்" என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் "நேற்று" என்று முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் "ஹாஸ் கம்" கூடாது. "கேம்" என்றே சொல்ல வேண்டும்.

நேயர்களே, அந்தப் பெண் எழுதியவை அறியாமையால் விளைந்த பிழைகள் அல்ல. அவள் நல்ல தமிழ் இலக்கணத்தை ஆங்கிலச் சொற்களில் எழுதியிருந்தாள். இதை அவளிடம் சொன்னபோது அவள் முகத்தில் தெரிந்த தெளிவை நான் மறக்கவில்லை.

சங்கரநாராயணர் திருமேனியில் ஒரு பாதி சிவன், மறுபாதி திருமால். இரண்டும் தத்தம் அடையாளங்களோடு ஒருங்கே நிற்கின்றன. இரு மொழிகளையும் அவ்வாறே அருகருகே நிறுத்திக் காட்டுதல் நல்லது. "என் அம்மா நெய்த சேலை" என்கிறோம். "நெய்த" என்னும் பெயரெச்சம் சேலைக்கு முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் அதுவே ஒரு கிளை வாக்கியமாகிச் சேலைக்குப் பின்னே செல்கிறது. முன்னது பின்னாகும் இந்த ஒரு முறையை அறிந்தால் கிளை வாக்கியத்தைப் பற்றிய அச்சத்தில் பாதி நீங்கும்.

ஆனால் அறிந்தால் மட்டும் போதாது, பழக வேண்டும். பழைய நெல்லைச் சீமையின் சாயர்புரத்தில் பணியாற்றிய ஜி. யு. போப் தமிழ் கற்பாருக்கென எழுதிய கைந்நூலில், விதிகளோடு பயிற்சிகளையும் சேர்த்தே வைத்தார். 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு தென்னாட்டுப் பள்ளிகள் சிலவற்றில் ஒரு சோதனை நடத்தினார். விதியை முன்வைக்காமல், கால அட்டவணை, ஊர்ப்படம் முதலியவற்றைக் கொடுத்து மாணவரை விடை தேடச் செய்தார். பொருளில் மனம் ஊன்றியிருக்கும்போதே இலக்கணம் உள்ளே வேர்கொள்ளும் என்பது அவர் கொள்கை.

விதியைக் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விதியைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்குவோம். பயிற்சியைப் பிள்ளைகளின் வாழ்விலிருந்து எடுப்போம். நாங்கள் ரயில் நிலையத்தையே பாடமாக்கிக்கொண்டோம். "தி டிரெயின் இஸ் கமிங்" என்றால் வண்டி வந்துகொண்டிருக்கிறது. "தி டிரெயின் ஹாஸ் கம்" என்றால் இதோ வந்துவிட்டது. "தி டிரெயின் கேம் லேட் எஸ்டர்டே" என்றால் அது நேற்றைய கதை. நாள்தோறும் ஐந்து வாக்கியங்கள். ஐந்தும் தாம் கண்டவற்றைப் பற்றியே இருக்க வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம்.

சில வாரங்கள் சென்றபின் ஒரு மாலை, அந்தப் பெண் என்னிடம், "சார், 'வீவ்' என்பதற்கு இறந்த காலம் என்ன?" என்று கேட்டாள். வினைச்சொற்களின் பட்டியலை அவள் பலமுறை மனப்பாடம் செய்தவள்தான். ஆயினும் அந்தச் சொல் அன்றுதான் அவளுக்குத் தேவைப்பட்டது. "வோவ்" என்றேன். அவள் குனிந்து எழுதினாள்: "தி ஸாரி விச் மை மதர் வோவ் இஸ் ப்ளூ." அம்மா நெய்த சேலை நீல நிறம். அன்று அந்தப் பக்கத்தில் நான் சிவப்பு மையைத் தொடவில்லை. அவள் அந்த வாக்கியத்தைத் தன் தாய்க்குப் படித்துக் காட்ட நோட்டை எடுத்துக்கொண்டு போனாள்.