உன்னைப் பற்றி எழுது என்றால்...

(பாபநாசம் வட்டார மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேல்படிப்பு மனுக்கள் சிலவற்றில் இப்போது மதிப்பெண்ணோடு விடுவதில்லை. "உன்னைப் பற்றி 250 சொற்களில் எழுது" என்றும் கேட்டு விடுகிறார்கள். நம் பிள்ளைகள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒரு தம்பி எழுதிக் கொண்டு வந்தார். "நான் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். கடின உழைப்பாளி. சேவையே என் இலட்சியம்." அடுத்த வாரம் இன்னொரு தம்பி வந்தார். எழுத்துக்கு எழுத்து அதே! கட்டுக்கட்டாக மனு படிப்பவருக்கு இது தெரியாமலா போகும்?

முதலில் வந்தவரிடம், "அத்தா என்ன செய்கிறார்?" என்றேன். குத்தகைக்கு நெல் சாகுபடி. "நீ?" என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நிறுத்தி விட்டார்களாம். மூன்று நாள் சாலையோரம் நெல்லைக் காயப்போட்டுக் காவல் இருந்தது இந்தப் பிள்ளைதான். பனி இறங்குமுன் தார்ப்பாய் போடுவார், வெயில் ஏறியதும் கிளறி விடுவார். எந்த நேரம் கிளறினால் சீக்கிரம் காய்கிறது என்று நோட்டில் குறித்தும் வைத்திருக்கிறார். மனுப் போடுவதோ அறிவியல் படிப்புக்கு!

"இதைப் போய் எப்படிண்ணே எழுதுறது, கேவலமா இருக்காதா?" என்கிறார்.

அன்பர்களே, 1999இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் அப்துல் கலாம் எதை எழுதினார்? இராமேஸ்வரத்தில் புளியங்கொட்டை பொறுக்கி மளிகைக் கடையில் விற்றதை எழுதினார். நாளெல்லாம் பொறுக்கினால் ஓரணா. சென்னையில் விமானப் பொறியியல் படிக்கப் பணமில்லாமல் சகோதரி ஜொஹரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்ததை எழுதினார். ஏவுகணை செய்தவருக்கே புளியங்கொட்டை கேவலமாகப் படவில்லை.

அதற்காக, கடையும் வீடும் உள்ளவர் வீட்டுப் பிள்ளை ஏழை வேடம் போட வேண்டாம். வருமானச் சான்றிதழும் அதே உறையில்தானே போகிறது! கல்லாவில் உட்கார்ந்து கடன் கணக்குப் பார்த்தாயா, அதை எழுது. அத்தா வளைகுடாவில் இருக்க, வீட்டு வரவு செலவை நீ பார்த்தாயா, அதை எழுது. ஆங்கிலம் வராவிட்டால் முதலில் தமிழில் எழுது. பிறகு ஆசிரியரிடம் கொடுத்துப் பிழை மட்டும் திருத்தச் சொல், விஷயத்தைத் தொட விடாதே.

அந்தத் தம்பி இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி எழுதினார். இலட்சியம் என்ற சொல்லே அதில் இல்லை. வீட்டில் படித்துக் காட்டியபோது, அவர் அத்தா இடையில் நிறுத்தி, "மூணு நாளு இல்லடா, நாலு நாளு" என்று திருத்தினாராம்.