சுக்ரீவன் கொடுத்த கெடு

(‘கதை விளையாட்டுகளுக்குத் திறந்த உலகம் பொருந்துமா?’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், “சிறகு உள்ள பறவையைக் கூண்டில் வைக்கலாமா?” என்று கேட்டுப் பலத்த கைதட்டலுடன் அமர்ந்திருக்கிறார். திறந்த உலகம் என்ற வசதி வந்த பிறகு, ஒற்றைப் பாதையில் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பழைய பாணி வீடியோ விளையாட்டுகள் எதற்கு என்பது அவருடைய வாதம். அதற்குப் பதில் சொல்லும் முன், வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்காக ஒரு நிமிடம்.

“பையன் ராத்திரி முழுக்கக் குதிரையில் போய்க்கொண்டே இருக்கிறான், எங்கேதான் போகிறானோ!” என்று சில அம்மாக்கள் அலுத்துக்கொள்வார்கள். அவன் போவது திறந்த உலகத்தில். காடு, மலை, ஊர், கடைத்தெரு என ஒரு நாட்டையே உருவாக்கி வைத்துவிட்டு, “எங்கு வேண்டுமானாலும் போ, எதை வேண்டுமானாலும் முதலில் செய்” என்று விட்டுவிடுவார்கள். கார்ப் பந்தயத்துக்கு இது பொருந்துமா என்பது இன்றைய கேள்வி இல்லை. நாம் பேசுவது இரண்டு வகைகளைப் பற்றி. ஒன்று, ஒரு கதாபாத்திரமாகவே மாறி, பலவீனனாகத் தொடங்கி வீரனாக வளரும் ஆர்பிஜி. மற்றொன்று, துப்புத் துலக்கிப் புதிர்களை அவிழ்த்துச் செல்லும் சாகச விளையாட்டு. இரண்டுக்கும் உயிர் கதைதான். ஆகவே நான் கேட்க விரும்புவது, அந்தக் கதையில் அவசரம் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான்.

நமக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். சீதையைத் தேட வானரர்களை நான்கு திசைகளுக்கும் அனுப்பினான் சுக்ரீவன். அவர்கள் முன்னால் இருந்தது திறந்த உலகம்தான். எந்தக் குகைக்குள்ளும் நுழையலாம், எந்த மலையிலும் ஏறலாம். ஆனால் ஒரு மாதத்திற்குள் திரும்பிவிட வேண்டும் என்று கெடு வைத்தான். தென்திசை சென்ற அங்கதனும் அனுமனும் தாகத்தோடு ஒரு குகைக்குள் போகிறார்கள். அங்கே சுயம்பிரபை விருந்து வைக்கிறாள். வெளியே வந்து பார்த்தால், கெடு கடந்துவிட்டது. உண்ணாமல் உயிரை விட்டுவிடலாம் என்று கடற்கரையில் உட்கார்ந்துவிடுகிறான் அங்கதன். வால்மீகி ராமாயணத்தில் நம்மை உலுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தக் கெடுவை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன மிஞ்சும்? சில குரங்குகள் குகைக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தன, அவ்வளவுதான்.

திறந்த உலக ஆர்பிஜி பலவற்றில் இந்தக் கெடு இல்லை. அவசரக் கதை மட்டும் இருக்கிறது.

2016ல் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் நாக்டிஸ் மூன்று நண்பர்களோடு காரில் தன் கல்யாணத்துக்குப் புறப்படுகிறான். போகும் வழியில் தலைநகரம் வீழ்கிறது. தந்தை கொல்லப்படுகிறார். பின்னணி இசையும் நண்பர்களின் முகங்களும் நம்மைக் கலங்க வைக்கின்றன. அடுத்த நொடி விளையாட்டு நம் கையில் வருகிறது. விரும்பினால் நேரே குளத்தங்கரைக்குப் போய்த் தூண்டில் போடலாம்! அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம்கூட முடியவில்லை, பிள்ளை மீன் பிடித்துக்கொண்டிருக்கிறான். நம் வீட்டில் அத்தைமார் என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கதையின் பிற்பகுதியில், தயாரிப்பாளர்களே இளவரசனை ரயிலில் ஏற்றி ஒற்றைப் பாதைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவர்களுக்கும் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

‘ஒப்லிவியன்’ 2006ல் வந்தது. சக்கரவர்த்தி கொலையாகிறார். நரகத்தின் வாசல்கள் திறக்கின்றன. குவாட்ச் என்ற நகரம் பற்றி எரிகிறது, வாரிசு அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார், ஓடு என்கிறார்கள். நீங்கள் ஓட வேண்டியதில்லை. மூன்று மாதம் மூலிகை பறித்து, வீடு வாங்கி, அலமாரியில் புத்தகம் அடுக்கிவிட்டுப் போகலாம். குவாட்ச் அதே அளவு தீயில் எரிந்துகொண்டிருக்கும். காவலர்கள் அதே தடுப்புக்குப் பின்னால் நின்றிருப்பார்கள். தொலைக்காட்சியில் இருந்துகொண்டு நான் இதைச் சொல்லக் கூடாதுதான். நம் நெடுந்தொடர்களில் ஓங்கிய கை கன்னத்தில் விழ மூன்று நாள் ஆகுமே, அதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தொடரிலாவது திங்கட்கிழமை அறை விழுந்துவிடும்.

“உனக்குப் பிடிக்காவிட்டால் தூண்டிலைத் தொடாதே, யார் உன்னைக் கட்டாயப்படுத்தினார்கள்?” என்று நண்பர் கேட்பார். கேட்கட்டும். விளையாட்டு நமக்கு எதற்குப் பரிசு கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். 2015ல் வந்த ‘ஃபால்அவுட் 4’இல் நாம் பெற்றோர். கண்ணெதிரே துணை சுடப்பட்டு, கைக்குழந்தை பறிபோகிறது. ஆனால் அந்த உலகத்தில் பிழைப்பதற்குப் பழைய மேசை விசிறியைத் தேடி எடுத்துத் திருகாணி கழற்ற வேண்டும், அதைக்கொண்டு துப்பாக்கியை மேம்படுத்த வேண்டும், குடியிருப்பு கட்ட வேண்டும். பிள்ளையைத் தேடி விரைபவருக்குத் துப்பாக்கி பலம் இருக்காது. விசிறி பொறுக்குபவர்தான் ஜெயிப்பார். கதை ஒன்று சொல்ல, பரிசு வேறொன்றுக்குப் போனால், பிள்ளைகள் பரிசு இருக்கும் பக்கம்தான் போவார்கள். குறை அவர்களுடையது இல்லை. கார்காலம் முடிந்தும் கிளம்பாமல் அரண்மனையில் மயங்கிக் கிடந்த சுக்ரீவனை எழுப்ப, கோபத்தோடு இலக்குவன் வந்தான். இந்த விளையாட்டுகளில் இலக்குவன் வருவதே இல்லை.

அதற்காகத் திறந்த உலகமே வேண்டாம் என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. நம்மிடம் இன்னொரு இதிகாசமும் இருக்கிறதே. பாண்டவர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் வனத்தில் இருக்கிறார்கள். சீக்கிரம் முடிக்க வழியில்லாத காலம் அது. அர்ஜுனன் தெய்வ ஆயுதங்களைத் தேடிப் போய்விடுகிறான். மற்றவர்கள் தீர்த்த யாத்திரை போகிறார்கள். முனிவர்கள் நளன் கதை, சாவித்திரி கதை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். பாஞ்சாலி ஒரு பூக் கேட்டாள் என்பதற்காகப் பீமன் மலை ஏறிப்போய், வழியில் படுத்திருக்கும் அனுமனின் வாலைத் தூக்க முடியாமல் தவிக்கிறான். பூப் பறிக்கப் போன கிளைக்கதைதான், ஆனாலும் வனபர்வத்தில் அது இடைஞ்சலாகத் தெரிவதில்லை. அங்கே அலைவதுதான் கதை.

2002ல் வந்த ‘மொரோவிண்ட்’ அப்படிப்பட்டது. கைதியாகக் கப்பலில் வந்து, ஊர் பேர் தெரியாத தீவில் இறங்குகிறோம். ஒரு கடிதக் கட்டைக் கொண்டுபோய்ப் பால்மோரா என்ற ஊரில் ஒருவரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? உனக்கு இன்னும் அனுபவம் போதாது, ஏதாவது சங்கத்தில் சேர், நாலு இடம் பார்த்துவிட்டு வா என்கிறார். என்னைக் கேட்டால், இந்த வகை விளையாட்டுகளிலேயே புத்திசாலித்தனமான வசனம் அதுதான். சுற்றித் திரியக் கதையே அனுமதி கொடுத்துவிடுகிறது. வழிகாட்ட அம்புக்குறியும் கிடையாது. பாலத்தைத் தாண்டு, இடப்பக்கம் திரும்பு என்று வாயால் சொல்வார்கள், வழி தவறினால் திரும்பி வர வேண்டியதுதான். நான்கு ஆண்டு கழித்து அதே நிறுவனம் ‘ஒப்லிவியனில்’ திசைகாட்டியில் அம்புக்குறி வைத்தது. அதன் பிறகு வீரர்கள் உலகத்தைப் பார்த்ததைவிட அம்புக்குறியைப் பார்த்ததே அதிகம்.

2017ல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ வேறு ஒரு தந்திரம் செய்தது. கதாநாயகன் லிங்க் நூறு ஆண்டு உறங்கி எழுகிறான். போர் எப்போதோ நடந்து, தோற்றும் முடிந்துவிட்டது. பழைய நினைவுகள் நாடெங்கும் சிதறிக் கிடக்கின்றன, எதை முதலில் கண்டெடுத்தாலும் கதை கெடாது. நடந்து முடிந்த கதையைத் துண்டு துண்டாகப் பொறுக்குவதற்கு வரிசை எதற்கு? முதல் பீடபூமியை விட்டு இறங்கியதும் நேரே கோட்டைக்குப் போய்ச் சண்டை போடலாம். பெரும்பாலும் அடி வாங்கித் திரும்புவோம். வீரன் ஏன் ஊர் சுற்றுகிறான் என்பதற்கு அந்த அடியே காரணமாகிவிடுகிறது.

வளர்ச்சி பற்றியும் ஒரு வார்த்தை, ஆர்பிஜிக்கு அது முக்கியம். எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றால் எதிரியின் பலத்தை எப்படி அமைப்பது? ‘ஒப்லிவியனில்’ எதிரிகளும் நம்மோடு சேர்ந்து வளர்வார்கள். விளைவு, கொஞ்ச காலம் கழித்து, ஆயிரக்கணக்கான பொற்காசு மதிப்புள்ள கவசம் அணிந்த வழிப்பறிக்காரன் நம்மை மறித்து நூறு காசு கேட்பான். அந்தக் கவசத்தை விற்றாலே அவன் காலத்துக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம்! 2022ல் வந்த ‘எல்டன் ரிங்’ அந்தத் தவற்றைச் செய்யவில்லை. வாசலைத் தாண்டியதும் குதிரை மீது தங்கக் கவச வீரன் ஒருவன் நிற்கிறான். அவன் யாருக்காகவும் இளைக்க மாட்டான். சுற்றிக்கொண்டு போய், வளர்ந்து, திரும்பி வந்து வெல்லும்போதுதான் நாம் வளர்ந்திருக்கிறோம் என்பதே நமக்குத் தெரிகிறது.

அவசரக் கதையையும் திறந்த உலகத்தையும் சேர்க்கவே முடியாதா? முடியும், கெடு வைக்கத் துணிச்சல் வேண்டும். 1997ல் வந்த முதல் ‘ஃபால்அவுட்டில்’ நிலவறைக்குள் வாழும் நம் மக்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிடுகிறது. 150 நாளில் வேறொன்று கொண்டுவர வேண்டும். பாலைவனம் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது, ஆனால் ஒவ்வொரு பயணமும் நாள்களைத் தின்கிறது. ஒரு கிராமத்துக்கு உதவலாமா என்று யோசிக்கும்போது, அதற்காக வீட்டில் யார் தாகத்தில் இருப்பார்கள் என்பதும் நினைவுக்கு வரும். உண்மையான தேர்வு அது. அதே விளையாட்டில் இருந்த இரண்டாவது கெடுவைப் பின்னர் வந்த திருத்தத்தில் வெகுவாகத் தளர்த்திவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கெடு வைத்தால் ஆட்டக்காரர்களுக்குக் கோபம் வரும். வியாபாரிகளுக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு.

சாகச விளையாட்டுக்கு வருகிறேன். 1990ல் வந்த ‘மங்கி ஐலண்ட்’ விளையாட்டில் நடுவே கப்பி பொருத்திய ரப்பர் கோழி ஒன்று கிடைக்கும். கயிற்றில் தொங்கி மறுகரைக்குப் போக அதுதான் உதவும். கிறுக்குத்தனமான விடைதான். ஆனால் தீவு சிறியது, கையில் உள்ள பொருள்கள் கொஞ்சம், ஆகவே யோசித்துப் பிடித்துவிடலாம். அந்தக் கோழியை நாற்பது சதுர கிலோமீட்டர் காட்டில் எங்கோ போட்டிருந்தால் அது புதிராக இருக்காது, தொலைந்துபோன சாவியாகத்தான் இருக்கும்.

இருந்தும், எனக்குத் தெரிந்து இன்றைய தலைப்புக்கு மிகச் சிறந்த பதில் ஒரு சாகச விளையாட்டுதான். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’, 2019ல் வெளிவந்தது. இனி விளையாடப் போகிறவர்கள் ஒரு நிமிடம் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒரு குட்டிச் சூரிய மண்டலம், சின்னச் சின்னக் கோள்கள், எதற்கும் பறக்கலாம். ஆனால் 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து விழித்தெழுவோம். கையில் ஆயுதம், காசு எதுவும் சேராது, தெரிந்துகொண்டது மட்டும் மிஞ்சும். இரட்டைக் கோள்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மணல் ஓடிக்கொண்டே இருக்கிறது, மணல் கடிகாரம்போல. ஒரு கோளில் இப்போது திறந்திருக்கும் குகை சற்று நேரத்தில் மூடிவிடும். அடுத்த கோளில் புதைந்திருந்த கட்டடம் அதே நேரத்தில் வெளியே தலை நீட்டும். உலகமே கெடுவாகிவிட்டது. இங்கே எவனும் தூண்டிலோடு உட்கார முடியாது.

இது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மாணவரின் முதுநிலைப் பட்டத் திட்டப்பணியாகத் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் விளையாட்டு வடிவமைப்புப் படிக்கும் மாணவர்கள் பலர் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பார்கள். பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008ல் இங்கே கலையகம் திறந்தது. ‘அசாசின்ஸ் கிரீட்’ விளையாட்டுகளில் நாம் வியந்த கடற்காட்சிகளில் இந்தக் கலையகத்தின் உழைப்பு உண்டு. அதே கலையகம் முன்னின்று செய்த ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ 2017ல் அறிவிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. இந்துமாக்கடல், கொள்ளைக் கப்பல்கள், பரந்து விரிந்த அலைகள். கடல் அழகு, மறுக்கவில்லை. அந்தக் கடலில் நான் எதற்காகப் போகிறேன் என்பதற்கு மட்டும் எனக்குக் கடைசிவரை அழுத்தமான காரணம் கிடைக்கவில்லை. பெரிய நிறுவனத்துக்கு அது தாங்கும். ஐந்து பேர் சேர்ந்து கடன் வாங்கித் தொடங்கும் குழுவுக்குத் தாங்காது. தம்பி தங்கைகளே, வரைபடத்தை விரிப்பதற்கு முன் உங்கள் கதாநாயகனுக்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு அவகாசமே இல்லையென்றால், ஒற்றைப் பாதை போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 2009ல் வந்த ‘ஃபைனல் ஃபேண்டஸி 13’ஐ வெறும் நடைபாதை என்று உலகமே கேலி செய்தது. அந்தக் கதையில் வருபவர்கள் துரத்தப்படும் அகதிகள். துரத்தப்படுபவனுக்கு எந்த ஊரில் சந்தை பார்க்க நேரம்?

நண்பர் கூண்டுப் பறவையைப் பற்றிக் கேட்டார். அடுத்த சுற்றில் அவர் பேசும்போது ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: நாக்டிஸ் மீன் பிடிக்கும் காட்சியை அவர் ஒரு திரைப்படத்தில் பார்த்திருந்தால், இருக்கையில் உட்கார்ந்திருப்பாரா, எழுந்து வெளியே போயிருப்பாரா?