மருந்தும் கல்லீரலும்
(மன்னார்குடியில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் உண்ட சோறும் விழுங்கிய மாத்திரையும் குடலினின்று முதலிற் கல்லீரலையே சேர்கின்றன. விஷப் பொருள்களை மாற்றி வெளியேற்றுவதும், இரத்தம் உறைதற்குரிய சத்துக்களை ஆக்குவதும் அதன் தொழில்கள். ஆதலால் மருந்தினால் விளையும் தீங்கையும் முதற்கண் ஈரலே ஏற்கிறது.

காசநோய் மருந்துகள் இதற்குத் தக்க உதாரணம். அந்நோயாளர் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகிற்குக் காட்டியது, 1956-ல் சென்னையில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையமேயாகும். இந்நாளில் அந்நோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட், ரிபாம்பிசின், பைரசினமைடு என்னும் மருந்துகள் பலரைப் பிழைப்பிக்கின்றன. எனினும் சிலருக்கு ஈரலைத் தாக்குகின்றன. முதியோர்க்கும் மதுவுண்போர்க்கும் அபாயம் அதிகம். பசியின்மை, வாந்தி, கறுத்த சிறுநீர், கண்ணில் மஞ்சள் ஆகியவை அதன் குறிகள்.

கண் மஞ்சளித்தால் வரப்பிலே கீழாநெல்லியைப் பிடுங்கி அரைத்து, மோரிற் கலந்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அம்மூலிகையை நாம் இகழ்கின்றோமல்லோம். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியோர்க்கு அதனை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேர் இரத்தத்தினின்று கிருமியின் அடையாளம் மறைந்ததென்று சென்னை ஆராய்ச்சியாளர் 1988-ல் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினர். பிறர் பின்னர்ச் செய்த சோதனைகளில் அப்பயன் உறுதிப்படவில்லை. அன்றியும், காமாலை என்னும் பெயர் ஒன்றாயினும் காரணங்கள் பல. மருந்தினால் வந்த காமாலைக்குக் கீழாநெல்லியைக் கொடுத்துக்கொண்டே அம்மாத்திரையையும் கொடுத்துவருதல், மடையை அடைக்காமல் வயல்நீரை இறைப்பதை ஒக்கும்.

செய்யத்தக்கது யாதெனில், அடுத்த வேளை மாத்திரையை விழுங்குமுன், உண்டுவந்த மருந்துகள் யாவற்றையும் நாட்டு மருந்து உட்பட எடுத்துக்கொண்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுதலாம். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, வேண்டின் மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார். அச்சத்தினால் காசநோய் மருந்தைத் தாமே அறவே விட்டுவிடுதலும் பிராணாபாயமே.

மஞ்சளோடு பிதற்றலும் மீளா உறக்கமும் கண்டால், ஈரல் செயலிழக்கிறதென்று அறிக. அந்நிலையில் சிலருக்கு மாற்று ஈரல் பொருத்துதலே வழி. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் அச்சிகிச்சை உண்டு. மூளைச்சாவுற்றோரின் உறுப்புக்களைத் தானமாகப் பெற்று முறைப்படி வழங்கும் ஏற்பாடு 2008 முதல் நம் மாநிலத்தில் நடந்துவருகிறது. ஆயினும் உரிய காலத்திற் சென்றார்க்கே அதனாற் பயன்.

அன்பர்களே! 'பத்து நாள் பத்தியம் இருந்து பார்ப்போம்' என்னும் சொல்லை நம் இல்லங்களினின்று நீக்குவோமாக. காமாலை கண்ட அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் நம் குடும்பங்களின் வழக்கமாகுக.