தோட்டம் விட்டுப் பட்டணம் வந்தோம்

(தேவஸ்தான ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பள்ளியில் பல்லாண்டு புவியியல் போதித்தவன் நான். மக்கள் இடம்பெயர்வு என்ற பாடத்திற்கு வெளிநாட்டு உதாரணம் தேடியதில்லை. வகுப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளையின் குடும்பமும் அந்தப் பாடம்தான்.

இராஜேந்திர சோழன் 1025-இல் படையெடுத்த கடாரம் இந்தக் கெடாவே என்பர் அறிஞர். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் முன்னோரை இங்கே கொண்டுவந்தது ரப்பர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கங்காணிமார் தத்தம் ஊரிலேயே ஆள் சேர்த்ததால், ஒரே கிராமத்தாரும் உறவினரும் ஒரே தோட்டத்தில் குடியேறினர். ஊரை விட்டு வந்தவர்கள் ஊர்த் தெய்வத்தை விட்டுவிடவில்லை. லயத்தின் அருகே மாரியம்மனும் முனீஸ்வரரும் எழுந்தருளினர்.

1938-இல் இந்திய அரசு தோட்டத்திற்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. 1942-க்குப் பின் ஜப்பானியர் பலரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோயினர், திரும்பாதவர் பல்லாயிரம். போருக்குப் பின் தோட்டத் துண்டாடல் வந்தது. அதைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம் என்பது நமக்குப் பெருமை. 1969-இல் வேலை பெர்மிட் சட்டம் வந்தபோது, குடியுரிமை இல்லாத பலர் தமிழகம் திரும்பினர்.

பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. அதற்கு ஆட்கள் குறைவாகவே போதும். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் தொழிற்சாலைகளும் தாமான்களும் பெருகின. தோட்டத்துப் பிள்ளைகள் அங்கே வந்தனர். வீடு, பள்ளி, கோயில், இடுகாடு அனைத்தும் கம்பெனி நிலத்தில் இருந்தன. வேலை போனதும் அத்தனையும் சேர்ந்தே போயின.

1957-இல் மலாயா மக்களில் நூற்றுக்கு 11 பேர் இந்தியர். 2020 கணக்கெடுப்பில் மலேசியக் குடிமக்களில் அது 6.7 விழுக்காடு. சபா, சரவாக் சேர்ந்தது ஒரு காரணம். குழந்தைப் பேறு குறைந்தது மற்றொன்று.

அன்பர்களே! பல தோட்டத்தாரும் இன்று ஒன்றுகூடும் இடம் பட்டணத்துக் கோயில்தான். நம் உபயப் பட்டியலில் பெயரும் தொகையும் மட்டுமே எழுதுகிறோம். இனி வேறு மூன்றையும் எழுதுவோம்: இருந்த தோட்டம், பூர்வீக ஊர், முன்னோர் வந்த காலம். தோட்டக் கோயிலிலிருந்து விக்கிரகத்தைக் கொண்டுவந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதையும் பதிவேட்டில் குறிப்போம்.

இவற்றைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலரே நம்மோடு இருக்கிறார்கள். வரும் தைப்பூசத்திற்குள் வீட்டில் அவர்களிடம் கேட்டு எழுதி, ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். பண உபயத்திற்கு இதுவும் குறைந்ததன்று.

இறையருள் கூடுக.