புழுவோடு வௌவாலையும் வையுங்கள்

என்னினும் மூத்த ஆய்வாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, தலைமை இருக்கையில் நான் இருப்பது பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் படபடப்பாகவும் இருக்கிறது. ஒருபுறம் செம்பனை, மறுபுறம் அலையாத்திக் காடு என்றிருக்கும் பைராம் தோட்டத்தில் நம்மைக் கூட்டியவர்களுக்கு நன்றி.

‘வௌவால்களும் மனித நலமும்’ என்பது நமக்குத் தரப்பட்ட பொருள். 1998-99இல் நிப்பா வைரஸ் மலேசியாவைக் கலங்கடித்த பிறகு இத்தலைப்பின் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்கெனத் தனி அமர்வுகள் உள்ளன. நான் நேராகப் புழுவுக்கு வருகிறேன்.

1979இல் டிபெய்ராங், ஓடில் பேன், நம் சி.பி. ராமச்சந்திரன் ஆகிய மூவரும் மலேசியாவின் பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து லிட்டோமோசா மாகி என்ற ஃபைலேரியாப் புழுவை விவரித்தார்கள். இளைய ஆய்வாளர்கள் அக்கட்டுரையைத் தேடிப் படிக்க வேண்டும். இத்தகைய புழு வெள்ளை நூலிழைபோல் இருக்கும். சூடான ஆல்கஹாலில் போட்டால் நீண்டு நிற்கும். குளிர்ந்ததில் போட்டால் சுருண்டுகொள்ளும், பிறகு அளக்கவே முடியாது. வாய்க்குழியின் வடிவம், ஆண்புழுவின் இடது வலது ஸ்பிக்யூல்களின் நீள வேறுபாடு என ஒவ்வொன்றையும் பார்த்து வரைந்தால்தான் இனம் துலங்கும்.

மரபணு வரிசை கிடைத்துவிட்டால் இந்த வரைபடமெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். வரைபடமே போதும் என்ற மூத்தவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாரும் எழுதியவற்றிலிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் இருவரிடமும் எனக்கு ஒரே வழக்குத்தான். புழுவைக் குப்பியில் இட்ட கையோடு வௌவாலை வீசிவிடுகிறோமே, அது ஏன்?

இத்தோட்டத்து ஓலைகளில் தொங்கும் சிறு பழந்தின்னியையே எடுத்துக்கொள்ளுங்கள். சைனாப்டெரஸ் பிராக்கியோட்டிஸ் என்று ஒரே பெயரில் நாம் எழுதிவந்தது, காட்டில் ஒன்றும் திறந்தவெளியில் ஒன்றுமாக வெவ்வேறு மரபுவழிகள் என்று 2004இல் கேம்பெல் குழுவினர் காட்டினார்கள். அதற்கு முன் அந்தப் பெயரில் பதிவான புழுக்கள் எந்த வௌவாலுக்கு உரியவை? உடல் இல்லாதபோது பதிலும் இல்லை.

உடலை வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மேகமலை சாட்சி. 1948இல் ஆங்கஸ் ஹட்டன் அங்கே பிடித்த வௌவால், சாதாரணப் பழந்தின்னி என்ற சீட்டோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் கிடந்தது. விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அதை மறுபடி எடுத்துப் பார்த்து, 1972இல் லாட்டிடென்ஸ் சலீம்அலியை என்று புதிய இனமாக மட்டுமல்ல, புதிய பேரினமாகவே அறிவித்தார். சீட்டு தவறாக இருந்தது; உடல் இருந்ததால் திருத்த முடிந்தது.

வௌவாலின் வயதையும் குறிக்க வேண்டும். டாக்சோகாரா டெரோபோடிஸ் என்ற புழு தாய்ப்பாலின் வழியே குட்டிக்குள் போய், அதன் குடலில் முதிர்ந்து, குட்டி பால் மறக்கும் காலத்தில் வெளியேறிவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பால் புரோசிவ் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. வளர்ந்த வௌவாலின் குடலை மட்டும் திறந்து பார்ப்பவர், இங்கே அந்தப் புழுவே இல்லை என்று எழுதிவிடுவார்.

புழுவுக்காக வௌவாலைக் கொல்வதா என்ற கேள்வி வரும், வர வேண்டும். புதிதாக ஒன்றையும் கொல்லச் சொல்லவில்லை. பழத்தோட்ட வலையில் சிக்கி இறந்தவை போதும். உயிரோடு விடுவதானால் சிறகுத் தோலில் சிறு துண்டு, முன்கை அளவு, ஒளிப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு விடலாம். புதிய இனத்தை அறிவிக்கும்போது புழுவின் மூலமாதிரியைச் சுட்டியாக வேண்டும் என்று 2000 முதல் விலங்குப் பெயரிடல் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. வௌவாலைச் சேமிக்க அதில் கட்டாயம் இல்லை. அந்த இடைவெளியை நாமே அடைக்கலாம். இங்கே வாசிக்கப்படும் ஒவ்வொரு புதிய புழு விவரிப்பும், அச்சேறுமுன், அதன் வௌவாலின் சேகர எண்ணையும் ஏந்தியிருக்க வேண்டும் என்று தீர்மானம் ஒன்றை முன்மொழிகிறேன். மறுப்பவர்கள் மதிய அமர்வுக்குள் எழுத்தில் தர வேண்டுகிறேன்.