நெருக்கத்திடையே தனிமை
(மயிலையில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி, மாலை வேளையில் இரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். நாம் நடக்க வேண்டுவதில்லை; கூட்டமே நம்மைக் கொண்டுபோய் உசுமான் சாலையில் சேர்த்துவிடும். எத்தனையோ தோள்கள் நம்மேல் உராய்கின்றன. ஒரு முகமேனும் நம்மை நோக்குவதில்லை. அந்நெரிசலைத் தணிக்க 2023இல் தொடர்வண்டி நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து நடைமேம்பாலம் கட்டினர். கால்களுக்கு வழி கிடைத்தது, நன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்றைய சென்னை மாவட்டத்தில் சதுரக் கிலோமீட்டருக்கு 26,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இத்தனை பேர் நடுவில்தான் மயிலையிலும் அடையாற்றிலும் அடுக்ககக் கதவுகளுக்குப் பின்னே முதியோர் பலர் தனித்திருக்கின்றனர். மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில். கடல் கடந்த பிள்ளையின் முகம் கைப்பேசியில் நாள்தோறும் தெரிகிறது. எதிர்வீட்டாரின் முகம் திங்கள் ஒன்றாகியும் தெரிவதில்லை.

கூட்டமே மேலைநாகரிகம் தந்த நோய் என்று நம் தோழர் சிலர் சொல்வதுண்டு. நான் அதனை ஒப்பேன். மதுரைக்காஞ்சி காட்டும் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் இல்லாத கூட்டமா? இம்மயிலையிலேயே பங்குனியில் அறுபத்துமூவர் விழா நாளன்று மாடவீதிகளில் நிற்க இடமிராது. கடவுட் கொள்கை ஒருபுறம் இருக்கட்டும். அன்று முன்பின் அறியாதார்க்கு நீர்மோர் நீட்டுவோர் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்துத்தானே நீட்டுகின்றனர்? கூட்டம் குற்றமன்று.

'அயல்' என்னும் நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். அயல் என்றால் பக்கம். அயலார் என்றால் பக்கத்தில் வாழ்வோர். அச்சொல்லே உறவல்லாத வேற்றாரையும் குறிக்கும். ஒரு சொல்லுக்குள் இரு பொருளும் வாழ்ந்தன. நகரமோ முதற்பொருளை உதிர்த்து இரண்டாவதை மட்டும் வைத்துக்கொண்டது.

2015 திசம்பர் முதல் நாள் இரவை மறந்திருக்கமாட்டீர்கள். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டதாக அரசு கணக்குச் சொன்னது. அடையாறு கரைபுரண்டது, கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் ஆழ்ந்தன. மின்சாரம் இல்லை; கைப்பேசியும் ஊமையாயிற்று. அப்போதுதான் கீழ்த்தளத்தார் மேல்தளத்தார் கதவைத் தட்டினர். பலர்க்கு அதுவே முதன்முறை! கடற்கரைக் குப்பங்களிலிருந்து மீனவர் படகு கொண்டுவந்து, பெயரும் அறியாதவர்களைத் தூக்கி ஏற்றினர். நீர் வடிந்தது; சேறும் காய்ந்தது; தட்டிய கதவுகள் பலவும் மீண்டும் தாழிட்டுக்கொண்டன. வெள்ளம் வந்தால்தான் அயலார் வேண்டுமோ?

துயருற்றோர் பேசுவதைக் கேட்பதற்கென்றே 1986இல் சென்னையில் 'சினேகா' என்னும் அமைப்புத் தோன்றியது. தற்கொலை எண்ணத்தோடு வருவோரிடத்தும் தொண்டர்கள் அமர்ந்து செவிகொடுக்கின்றனர். பெயர் வடசொல்தான், அதற்காக நான் சண்டையிடப் போவதில்லை. தமிழில் துயர் சொல்வார்க்குத் தமிழில் காது கொடுக்கிறார்களே, அது போதும். முதியோர்க்கென 14567 என்னும் உதவி எண்ணும் உள்ளது. குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயினும், இரவில் நெஞ்சு வலித்தால் முதலில் வரக்கூடியவர் அடுத்த கதவிலிருப்பவரே. எனவே ஒரு வேண்டுகோள். கூட்டம் முடிந்ததும் உடனே கலைந்துவிடாதீர்கள். ஒரே தெருவில் வாழ்வோர் தனித்தனியே கூடி, அத்தெருவில் தனித்து வாழும் முதியோர் யார் யார், எந்தக் கதவெண் என்று எழுதுங்கள். வரும் ஞாயிறன்று இருவர் இருவராகச் சென்று பார்ப்போம். தாளும் எழுதுகோலும் வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறேன்.